பேர் விழாத வைத்தியர்

கேள்வி: பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக்கை எங்கே வைக்கிறார்கள்? வெள்ளைக்காரர் கண்டுபிடித்த வைத்தியம்தானே இது? என் தோழி மூக்கைத் திருத்திக்கொள்ளத் துடிக்கிறாள்.
- வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: எங்கேயும் வைப்பதில்லை தங்கச்சி. குழைத்து உருவம் கொடுப்பது என்ற பொருளில் வந்த கிரேக்கச் சொல் அது. 1818இல் ஜெர்மன் வைத்தியர் கிராஃபே மூக்கு ஒட்டும் வித்தையைப் பற்றி 'ரைனோபிளாஸ்டிக்' என்று புத்தகம் போட்டபோது, தேயிலைக் கொழுந்து பறிக்கையில் படங்கு என்ற முரட்டுத் துணிக்குப் பதிலாக நம் பெண்கள் இடுப்பில் சுற்றும் பொலித்தீன் உலகத்திலேயே கிடையாது. (பொலித்தீன் என்று நான் எழுதினாலே, "ஐயா மறுபடி தொடங்கிவிட்டார்" என்று பக்கம் கட்டும் தம்பி சிரிக்கிறான். ஒரு நாள் மழையில் அதைச் சுற்றிக்கொண்டு மலையில் நின்று பார்க்கட்டும்.)

சரி, மூக்குக்கு வருவோம். நமக்கும் மூக்குக்கும் பழைய வழக்கு உண்டு. சூர்ப்பணகை மூக்கில் தொடங்கிய சண்டைதான், ராவணன் சீதையைச் சிறைவைத்த இடமென்று சொல்லும் நுவரெலியா பக்கத்துச் சீதா எலியாவில் கோயிலாக நிற்கிறது. 1814இல் ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து வந்த பத்து வியாபாரிகளை ஒற்றர்கள் என்று பிடித்து, மூக்கும் காதும் கையும் வெட்ட வைத்தார் கண்டி ராஜா. பெரும்பாலோர் செத்துப்போனார்கள். அதையே சாக்காக வைத்துப் படை ஏறி வந்தது. அடுத்த மார்ச்சில் கண்டி கைமாறியது. வேடிக்கை என்னவென்றால், இங்கே மூக்கு அறுந்த அதே 1814இல்தான் லண்டனில் கார்ப்யூ என்ற டாக்டர் ஒரு நோயாளிக்கு மூக்கு ஒட்டினார்.

எங்கே படித்தார்? பத்திரிகையில்! 1794இல் ஜென்டில்மேன்ஸ் மெகசினில், ஆசிரியருக்கு வந்த ஒரு கடிதத்தில். (எனக்கு வரும் கடிதங்களில் பாதி கவிதை.) திப்பு சுல்தானின் ஆட்கள் பிடித்து மூக்கறுத்த கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே பக்கம் நடந்த சிகிச்சை அது. மெழுகைத் தட்டி மூக்கு மாதிரி செய்து, அதை விரித்து நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, தோலை உரித்து, இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி ஒட்டினார்கள். ரத்தம் ஓட வேண்டுமே, அதற்குத்தான் அந்தத் துண்டு. மேலே பூசியது என்ன தெரியுமா? வெற்றிலைக்குப் போடுகிறோமே, காசுக்கட்டி. ஒட்டுப் பிடித்த பிறகே, இருபத்தைந்து நாள் போல் கழித்து, அந்தத் துண்டை அறுத்தார்கள். கன்னத்துத் தோலில் மூக்கு செய்யும் முறையைச் சுஸ்ருதர் அதற்கு எவ்வளவோ முன்பே எழுதி வைத்திருக்கிறார். இலையை வெட்டி அளவெடுக்கச் சொல்கிறார்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். வண்டிக்காரர் பெயர் அச்சில் இருக்கிறது. கூட நின்று பார்த்த வெள்ளைக்கார டாக்டர்களின் பெயர் இருக்கிறது. கத்தி பிடித்தவர் மட்டும் 'செங்கல் அறுக்கும் சாதிக்காரர் ஒருவர்'. பேர் விழவில்லை. (தோட்டத்தில் ஒரு நாள் வேலை சம்பளக் கணக்கில் பதிவதைத்தான் 'பேர் விழுவது' என்போம். கொழுந்து குறைந்தால் பாதி நாள் கணக்கு, அரைப்பேர்.) நாளெல்லாம் கொழுந்து பறித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் "கிலோ போதாது" என்று கேட்டுத் திரும்பிய என் அம்மாவுக்குக்கூட அரைப்பேராவது விழும்.

தோழியின் மூக்கா? முதலில் ஒரு மூக்குத்தி குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைவு.