பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 29. வெள்ளவத்தையில் இருக்கிறேன். முதல் பிள்ளை, இப்போது 22 வாரம். மூன்றாம் மாதத்திலிருந்து மூக்கடைப்பு விட்டபாடில்லை. "பிள்ளை தங்கினால் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், இந்த நேரத்தில் ஊசி ஒன்றும் வேண்டாம்" என்கிறார் மாமி. கிளினிக்கில் டொக்டர் இன்ஃபுளுவென்சா ஊசி போடச் சொல்கிறார். எங்கள் தொடர்மாடியில் இரண்டு பேருக்கு டெங்கு. பிள்ளையில் பாதி கணவரின் கூறுதானே, என் உடம்பே அதை எதிர்த்துவிடாதா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 1953இல் பீட்டர் மெடவார் என்ற பிரித்தானிய விஞ்ஞானி கேட்டதும் இதைத்தான். வேறொருவரின் தோலை எடுத்து ஒட்டினால் உடம்பு சில நாட்களில் அதைத் தள்ளிவிடுகிறது. தகப்பனின் பாதியைக் கொண்ட பிள்ளையை மட்டும் எப்படி மாதக்கணக்கில் வைத்திருக்கிறது? தாயின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகிவிடுகிறதோ என்பது அவர் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. உங்கள் மாமி சொல்வதும் அதுதான். ஆனால் விஷயம் அப்படியில்லை என்று இப்போது தெரியும்.

கருப்பைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பவை நஞ்சின், அதாவது பிள்ளைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடியின், வெளிக்கலங்கள். நம் உடம்பின் கலங்கள் பெரும்பாலும் தங்கள் மேற்பரப்பில் சில அடையாளப் புரதங்களை வைத்திருக்கும். சிறுநீரகம் மாற்றுவதற்கு முன் பொருத்தம் பார்ப்பது இவற்றைத்தான். நஞ்சின் வெளிக்கலங்கள் அவற்றில் முக்கியமான இரண்டைக் காட்டுவதே இல்லை. கருப்பைச் சுவருக்குள் இறங்கும் கலங்கள் எச்.எல்.ஏ.-ஜி என்ற வேறொன்றைக் காட்டித் தாயின் காவற்கலங்களை அமைதிப்படுத்துகின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்சவ்வில் இருக்கும் வெண்குழியங்களில் ஏறத்தாழ 70 வீதம் இயற்கைக் கொல்லிக் கலங்கள். பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். இரத்தத்தில் ஓடும் அவற்றின் இனத்தவை வைரஸ் புகுந்த கலங்களைக் கொல்பவை. கருப்பைக்குள் இருப்பவையோ தாயின் ஒடுங்கிய இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்க உதவுகின்றன. அக்குழாய்கள் சரியாக விரியாவிட்டால் நஞ்சுக்கு இரத்தம் போதாது; பிள்ளையின் வளர்ச்சி குறையலாம், தாய்க்கு பிரஷர் ஏறலாம். பிள்ளையைத் தாக்கிவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிற அதே படைதான் பிள்ளைக்குச் சாப்பாடு போகும் வாய்க்காலை வெட்டிக் கொடுக்கிறது. மாணவர்களுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் எனக்கு அலுக்காத பாடம் இது.

மாமி சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை உண்டு. வைரஸை எதிர்க்கும் சில வழிகள் இந்த மாதங்களில் அடங்கி நடக்கின்றன. இருதயத்துக்கு வேலை கூடுகிறது. வளரும் கருப்பை நுரையீரலைக் கீழிருந்து நெருக்குகிறது. அதனால்தான் இன்ஃபுளுவென்சா, கொப்புளிப்பான், டெங்கு எல்லாம் கர்ப்பிணிகளைக் கடுமையாகப் பாதிக்கின்றன. ஊசி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இன்ஃபுளுவென்சா ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ். எந்த மாதத்திலும் போடலாம். ஊசிக்குப் பிறகு உங்கள் உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் (நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) நஞ்சின் வழியே பிள்ளைக்குப் போகும், கடைசி மூன்று மாதங்களில் மிக அதிகமாக. ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. அதுவரை உங்களிடமிருந்து போனதுதான் அதற்குக் காவல். மாமியிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள்: இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி 1969 முதல் போடப்படுகிறது. உங்கள் கணவரைச் சுமந்தபோது அவரும் போட்டிருப்பார். ருபெல்லா, கொப்புளிப்பான் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத்தான் இப்போது தவிர்க்கவேண்டும்.

மூக்கடைப்பைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். காய்ச்சலோ, மஞ்சள் சளியோ இல்லாவிட்டால் அது தடிமனாகவே இல்லாதிருக்கலாம். கர்ப்பகால ஹோர்மோன்களால் மூக்கின் உட்சவ்வு வீங்கும். பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத் தண்ணீர்த் துளிகள் போதும். மாமி அவித்துத் தரும் கொத்தமல்லித் தண்ணீரையும் குடியுங்கள்.

நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது டெங்கு விஷயத்தில்தான். காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்ப்போம் என்று மற்றவர்கள் இருப்பதுபோல் நீங்கள் இருக்கக்கூடாது. முதல் நாளே வைத்தியசாலைக்குப் போங்கள். பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல், வலி மாத்திரைகள் எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஐபுப்ரோஃபன், அஸ்பிரின் கூடவே கூடாது. இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைப் பார்த்து நீங்களாகவே தைரியம் கொள்ளவும் வேண்டாம். கர்ப்பத்தில் வெண்குழியங்கள் இயல்பாகவே கூடும். 15,000 வரை போனாலும் நோய் என்று அர்த்தமில்லை. ஆகவே டெங்குவில் அது 5,000க்கு இறங்கும்போது, ரிப்போட்டில் அச்சடித்திருக்கும் அளவோடு ஒப்பிட்டால் எல்லாம் சரிபோலத் தெரியும். உங்களுக்கு அது பெரிய இறக்கம். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருப்பதால், குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்தம் தடிப்பதும் பிந்தித்தான் கண்ணில் படும். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படாதீர்கள். அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்கும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் வெண்குழியம், சிறுதட்டு, ஹீமோகுளோபின் எண்களை உங்கள் கார்டில் தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். காய்ச்சலோடு வார்டுக்குப் போகிற நாளில் அங்குள்ள டொக்டருக்கு அந்த மூன்று எண்களும் பெரிய உதவி. இன்ஃபுளுவென்சா ஊசி போடப் போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்த பிள்ளையை நாள் முழுக்க மடியில் வைத்திருக்கப்போகிறவர் அவர்.