பாட்டியின் தாகம்

வணக்கம் ஐயா,

என் மகளுக்கு 13 வயது. தினமும் பாட்டியோடு உட்கார்ந்து டிவி தொடர் பார்க்கிறாள். கள்ள உறவு, இரட்டை அர்த்தப் பேச்சு, படுக்கையறைக் காட்சி எல்லாம் வருகிறது. நிறுத்தினால் மாமியாருக்குக் கோபம். எந்த வயதில் இதையெல்லாம் பார்க்க விடலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வயதுக் கணக்கை ஏற்கெனவே பலர் போட்டுவிட்டார்கள். பிரிட்டனில் சிறுவர்களுக்கு ஆகாததை இரவு 9 மணிக்கு முன் காட்டக் கூடாது. அமெரிக்காவில் 1997இலிருந்து பாலுறவுக் காட்சிக்கு ஒரு எழுத்து, விரசப் பேச்சுக்கு ஒன்று, அடிதடிக்கு ஒன்று என்று திரையின் மூலையில் போடுகிறார்கள். 13 வயதுக்குப் படுக்கையறைக் காட்சி வேண்டாம், சேனலை மாற்றுங்கள். சரி, அது முடிந்தது.

நானும் பாட்டி மடியில் தலைவைத்துத் தொடர் பார்த்தவன்தான். நாயகனும் நாயகியும் கொஞ்சம் நெருங்கினால் போதும், "போய்த் தண்ணி கொண்டு வாடா" என்பார். நான் தம்ளரோடு திரும்பும்போது காட்சி முடிந்திருக்கும். மருமகளை அறைகிற காட்சியிலும், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிற காட்சியிலும் பாட்டிக்கு ஒருநாளும் தாகம் எடுத்ததில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அக்கா போனில், "யாருக்கும் தெரியக் கூடாது, சனிக்கிழமை வந்துடறேன்" என்று சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டேன். ஓடிப்போகப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளிடமே கேட்கலாம் என்று தோன்றவில்லை. தொடரில் யார் அப்படிக் கேட்டார்கள்? நேராகப் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். வீடு இரண்டுபட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு வாங்கத் தோழியோடு கிளம்பவிருந்தாள், அவ்வளவுதான். மூன்று மாதம் அக்கா என்னோடு பேசவில்லை.

தொடரில் ஏன் யாரும் நேராகக் கேட்பதில்லை? கேட்டால் கதை முடிந்துவிடும். 1930களில் அமெரிக்க வானொலித் தொடர்களுக்குப் பணம் போட்டவை சோப்பு நிறுவனங்கள். சோப் ஓபரா என்ற பெயரே அப்படி வந்ததுதான். நேயர் நாளைக்கும் வந்தால்தான் சோப்பு விற்கும். 'கைடிங் லைட்' என்ற அமெரிக்கத் தொடர் 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் டிவிக்கு வந்து, 2009இல்தான் முடிந்தது. 72 வருஷம்! "நேற்று எங்கே போயிருந்தாய்?" என்று கணவன் கேட்டு மனைவி உள்ளதைச் சொன்னால் இருபது எபிசோட் காலி. எழுதுகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கு நாளைக்கும் கதை வேண்டும். ஆனால் தினம் அரைமணி நேரம் பார்க்கிற பிள்ளைக்கு, சந்தேகப்படுவதும் மனசுக்குள் புழுங்குவதும்தான் பாசம் என்று ஆகிவிடுகிறது. முத்தம் கெடுப்பதைவிட இது அதிகம் கெடுக்கும். இதற்கு எந்த மூலையிலும் எழுத்து கிடையாது.

கோபிக்காதீர்கள், உங்கள் கடிதமும் ஒரு எபிசோட் மாதிரிதான் இருக்கிறது. மகளிடம் பேசியதாக ஒரு வரி இல்லை. மாமியாரிடம் கேட்டதாகவும் இல்லை. முகம் தெரியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்குப் பேத்தியோடு உட்கார அந்த அரைமணிதான் கிடைக்கிறதோ என்னவோ, கேட்டால்தானே தெரியும்!

நாளைக்கு நீங்களும் அவர்களோடு போய் உட்காருங்கள். யாராவது கதவுக்குப் பின்னால் ஒளிந்தால், "உள்ளே போய்க் கேட்டுத் தொலையேன்" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போடுங்கள். மகள் சிரிப்பாள். மாமியார் என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.