ஜோ லூயிஸின் கடைசித் தோல்வியை எழுதலாமா?

வணக்கம். கல்லூரி மலர்க் கட்டுரையில், 1951இல் சக குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது சுற்றில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் லூயிஸ் வீழ்ந்ததைச் சொன்னால் அவர் பெருமை குறையுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் எழுதுங்கள். ஆனால் 37 வயதில் அவர் ஏன் வளையத்துக்குள் நின்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1942இல் இரண்டு சாம்பியன் பட்டப் போட்டிகளில் கிடைத்த பணத்தை அமெரிக்கக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். கொடுத்த பணத்துக்கும் அரசு வரி கேட்டது! வட்டியோடு ஏறிய வரிக்கடன்தான் 1949இல் ஓய்வு பெற்றவரைத் திரும்ப இழுத்து வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சாதனைக்கு ஒரு வரி போதும்: 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன், 25 முறை பட்டத்தைக் காத்தவர். மிச்ச இடத்தை மாக்ஸ் ஷ்மெலிங்குக்கு ஒதுக்குங்கள். 1936இல் தன்னை வீழ்த்திய அந்த ஜெர்மானியரை 1938இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் முதல் சுற்றிலேயே லூயிஸ் சாய்த்தார். கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்த நாடு அன்று ஒரு கறுப்பின வீரருக்காக ஆர்ப்பரித்தது. பிற்காலத்தில் இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.