புதிய விமானி எதை முதலில் பார்க்க வேண்டும்: விமானத்தையா, தளத்தையா?

தம்பி, கிளிநொச்சியிலிருந்து போய் அமெரிக்காவில் விமானியாகச் சேர்ந்திருக்கிறீர்கள். தூரத்துத் தளத்தில், அதாவது உங்கள் பறப்புகள் தொடங்கி முடியும் ஊரில், பெரிய போயிங் 777 கேட்பதா, மனைவி பிள்ளை இருக்கும் ஊரில் சிறிய 737 கேட்பதா என்கிறீர்கள். தளத்தையே பாருங்கள். அங்கே எல்லாம் பணிமூப்பு வரிசைதான்: முன்னே சேர்ந்தவருக்கே முதல் தெரிவு. பெரிய விமானத்தில் உங்களுக்கு மேலே மூத்தவர்கள் நிறைய. நெடுநாள் 'ரிசர்வ்' இருக்க நேரலாம். ரிசர்வ் என்றால், சீருடையை அயன் பண்ணிக் கதவில் கொழுவி, பெட்டியை வாசலில் வைத்து, போனையே பார்த்தபடி இருப்பது. அழைப்பு வந்தால் பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். குடும்பம் வேறு ஊரில் என்றால் அந்த நாட்கள் வாடகை அறையில்தான் போகும். முல்லைத்தீவில் வேலை, வவுனியாவில் வீடு என்று பஸ்ஸில் அலைந்த ஆசிரியர்களை நமக்குத் தெரியும்தானே? அந்தக் களைப்போடு விமானம் ஓட்டவே கூடாது. சரி, ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: பயிற்சி எடுத்தபின் எவ்வளவு காலம் அதே விமானத்தில் இருக்க வேண்டும் என்று. அது முடிந்ததும் 777 கேட்கலாம்.