விமான டிக்கெட்டுக்கு ஐந்து வருடம்

கேள்வி: சீனாவின் ஜாங் ஷின் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண், பாதி பெய்ஜிங்கையே கட்டிவிட்டாராம். எனக்கு 24 வயது, தையல் யூனிட்டில் இருக்கிறேன். கையில் இரண்டு லட்சம் சேர்ந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு மனை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: இப்போது வேண்டாம்மா.

பாதி பெய்ஜிங் என்பது கொஞ்சம் ஓவர். ஆனால் தொழிற்சாலைக் கதை நிஜம். 1965-ல் பெய்ஜிங்கில் பிறந்த ஜாங் ஷின், 14 வயதில் அம்மாவோடு ஹாங்காங் போனார். சின்னச் சின்னக் கம்பெனிகளில் துணியும் எலக்ட்ரானிக் பாகங்களும் செய்கிற வேலை. பக்கத்துக் கம்பெனியில் நாலு காசு கூடக் கிடைத்தால் அங்கே தாவிவிடுவார். இப்படியே ஐந்து வருடம். சேர்த்த பணத்தில் மனை வாங்கவில்லை, இங்கிலாந்துக்கு விமான டிக்கெட் வாங்கினார்.

வீடியோக்காரர்கள் இந்த இடத்தில்தான் கத்தரி போடுவார்கள், அடுத்த காட்சியில் கண்ணாடிக் கட்டடம் வந்துவிடும். நடுவில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், கேம்பிரிட்ஜில் முதுகலை, அப்புறம் முதலீட்டு வங்கி வேலை. 1995-ல் கணவர் பான் ஷியீயோடு கட்டடம் கட்டி விற்கும் கம்பெனி தொடங்கியபோது வயது 30. கணவர் ஏற்கெனவே நிலத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். உள்ளூர் நெளிவு சுளிவு அவருக்குத் தெரியும், வெளியுலகப் பணம் எப்படி நகரும் என்பது இவருக்குத் தெரியும்.

காலமும் கைகொடுத்தது. சீன நகரங்களில் நிலம் அரசுக்குச் சொந்தம். வாங்குவது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான்: வீட்டுக்கு 70 ஆண்டு, வணிகத்துக்கு 40. வேலை பார்க்கும் இடமே வீடு ஒதுக்கும் பழைய வழக்கத்தை 1998-ல் அரசு நிறுத்தியதும், சந்தை திறந்துகொண்டது. அந்த அலை எல்லோருக்கும்தான் வந்தது. இவருடைய ரசனைதான் தனி. பெய்ஜிங்கில் அவர்கள் கட்டிய கேலக்ஸி சோஹோ கட்டடத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் வடிவமைத்து 2012-ல் முடிந்தது. நான்கு குவிமாடங்கள், இடையில் வளைந்தோடும் பாலங்கள். மூலை என்று ஒன்று கண்ணில் படாது. பழைய சந்துகளின் பக்கத்தில் இப்படி ஒன்றா என்று திட்டியவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்கும்.

கட்டடத்தைத் துண்டு துண்டாக விற்பதுதான் அவர்களுடைய ஆரம்ப வழி. அப்படித்தான் வளர்ந்து, 2007-ல் ஹாங்காங் பங்குச் சந்தையில் 160 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2012-ல் விற்பதை விட்டு, வாடகைக்கு விடும் வழிக்கு மாறினார்கள். 2021-ல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் இவர்களுடைய கம்பெனியை வாங்க வந்து, பாதியில் விலகியது. 2022-ல் கணவனும் மனைவியும் பொறுப்பிலிருந்து இறங்கினார்கள். இதுவும் அந்த வீடியோவில் இருந்திருக்காது.

சரி, உங்கள் இரண்டு லட்சம். மனைத் தொழிலில் அது ஒரே ஒரு அட்வான்ஸில் முடங்கிவிடும். அந்த மனையில் வில்லங்கம் இருந்தால் தலையில் துண்டுதான். பணம் வங்கியில் இருக்கட்டும், வேலையும் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் விலைக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு மனையின் சர்வே நம்பரைக் கேட்டு வாங்கி, 30 வருட வில்லங்கச் சான்று எடுத்துப் படியுங்கள். புரியாத வார்த்தைகளை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.