சேலம் வாசகர் கேள்வி: சீனாவில் கரி இன்ஜின்

கேள்வி: லோகூர் பக்கம் ஏற்றத்தில் சரக்கு ரயில் முக்கிக்கொண்டு போவதை அடிக்கடி பார்ப்பேன். சீனாவில் 2000-க்குப் பிறகும் கரி இன்ஜின்தான் கூட்ஸ் இழுத்தது என்கிறான் என் மச்சான். நம்பலாமா?
– சூரமங்கலம் வாசகர்

பதில்: மச்சான் சொன்னது சரிதான். உள் மங்கோலியாவில் ஜினிங்கிலிருந்து தோங்லியாவோ வரை சுமார் 945 கிலோமீட்டர் ஓடும் ஜிதோங் பாதை 1995-இல்தான் முழுதாகத் திறந்தது, புத்தம்புதுப் பாதையில் பழைய நீராவி இன்ஜின்கள்! காரணம் சிக்கனம்தான், மற்ற பாதைகள் டீசலுக்கு மாறியதால் கழித்துவிட்ட கியூஜே ரக இன்ஜின்கள் மலிவாகக் கிடைத்தன, நிலக்கரிக்கும் அந்தப் பக்கம் பஞ்சமில்லை. பத்துப் பெரிய சக்கரம் வைத்த மிருகம் அது, 1988 வரைகூட தயாரித்தார்கள். கரியை ஆள் நாள் முழுக்க மண்வெட்டியால் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை, திருகாணி மாதிரி சுழலும் ஒரு ஸ்டோக்கர், இன்ஜினுக்குப் பின்னால் கரி சுமக்கும் டெண்டர் பெட்டியிலிருந்து அடுப்புக்குத் தள்ளிவிடும்.

அந்தப் பாதையின் ஜிங்பெங் கணவாயில்தான் வேடிக்கை. குதிரை லாட வளைவுகள், உயரமான பாலங்கள், சுரங்கம். ஒரு இன்ஜின் போதாதென்று முன்னால் இரண்டைக் கோத்து இழுப்பார்கள், இரண்டு டிரைவர்களும் விசிலடித்துத்தான் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார்கள், ஏனென்றால் ஒருவர் நீராவியைத் திறந்து அடைக்கும் ரெகுலேட்டரை மூடி இன்னொருவர் திறந்து வைத்தால் இன்ஜின்களைக் கோத்திருக்கும் கப்ளிங்கின் கதி என்ன ஆவது? குளிர்காலத்தில் நீராவி வெள்ளையாகக் குவியும் என்பதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் ரயில் பித்தர்கள் அந்த உறைபனியில் போய் நின்றார்கள் (நமக்கு ஏற்காடு டிசம்பரே தாங்காது).

இப்போது கிளம்பிவிடாதீர்கள். 2005 டிசம்பரோடு டீசல் வந்துவிட்டது.