ஹாங் மியுங்-போ: லிபரோவிலிருந்து பயிற்சியாளர் வரை, கேள்வி பதில்

கேள்வி: தடுப்பாட்டக்காரர் ஒருவர் 2002 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் மூன்றாமிடம் பிடித்தது எப்படி, சார்?

பதில்: ஜெர்மனியின் கான், பிரேசிலின் ரொனால்டோ, அடுத்து தென் கொரியாவின் கேப்டன் ஹாங். வெண்கலப் பந்து வாங்கிய முதல் ஆசியர் அவர்தான். காரணம் அவர் நின்ற இடம். கொரிய அணியின் பயிற்சியாளர் ஹிடிங்க் பின்வரிசையில் மூவரை நிறுத்தினார்: வலப்பக்கம் சோய் ஜின்-சியோல், இடப்பக்கம் கிம் டே-யங், நடுவில் ஹாங். ஓரத்து இருவரும் எதிரணி முன்கள ஆட்டக்காரர்களை ஒட்டியே ஓடுவார்கள். ஹாங் யாரையும் ஒட்டமாட்டார். ஓரடி பின்னால் நின்று, தப்பி வரும் பந்தை எடுப்பார். எடுத்ததும் உதைத்துத் தள்ளாமல் நடுக்களம் வரை கொண்டுபோய், எதிர் ஓரத்துக்கு நீளமாக அனுப்புவார். இதுதான் லிபரோ.

அந்த இடத்தின் ஆபத்தும் அவர் ஆட்டத்திலேயே இருக்கிறது. அவருக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான். ஒரு தொடுதல் பிசகினால் கோல். துருக்கியுடனான மூன்றாமிடப் போட்டியில் கொரியாதான் ஆட்டத்தைத் தொடங்கியது. பின்னால் வந்த பந்தை ஹாங் பறிகொடுத்தார். 11 விநாடியில் ஹக்கன் ஷுகூர் கோல் அடித்துவிட்டார்.

கேள்வி: அண்ணே, அவர் கோலும் அடிப்பாராமே?

பதில்: 136 சர்வதேச ஆட்டங்களில் 10 கோல். அதில் இரண்டு 1994 உலகக் கோப்பையில். ஸ்பெயினுக்கு எதிராக 0-2 எனப் பின்தங்கியபோது 85ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக்கில் ஒன்று; பிறகு சியோ ஜுங்-வோன் சமன் செய்த கோலுக்குப் பந்து கொடுத்தவரும் இவரே. ஜெர்மனிக்கு எதிராகத் தொலைவிலிருந்து இன்னொன்று. ஆனால் கொரியர்கள் மறக்காதது 2002 ஜூன் 22, குவாங்ஜு. கோலில்லாமல் முடிந்த காலிறுதி பெனால்டிக்குப் போனது. ஸ்பெயினின் ஹோவாகின் அடித்ததைக் கொரியக் கோல்கீப்பர் லீ வூன்-ஜே தடுத்தார். கொரியாவின் ஐந்தாவது பெனால்டி கேப்டன் ஹாங்குக்கு. அடித்தார், உள்ளே போனது. முகத்தில் எதையும் காட்டாத மனிதர் வாய்நிறையச் சிரித்துக்கொண்டே ஓடினார்.

கேள்வி: கிளப் விவரம் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: 1992இல் போஸ்கோ (இன்றைய போஹாங் ஸ்டீலர்ஸ்), முதல் பருவத்திலேயே லீக் பட்டம், சிறந்த ஆட்டக்காரர் விருது. 1997 முதல் ஜப்பானில் பெல்மாரே ஹிராட்சுகா, பிறகு காஷிவா ரேசோல். 2002இல் போஹாங் திரும்பினார். லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சியில் 2004இல் ஓய்வு.

கேள்வி: 2012 ஒலிம்பிக் வெண்கலத்துக்கும் ராணுவச் சேவைக்கும் என்ன தொடர்பு?

பதில்: கொரிய ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம்; 2012இல் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் வாங்கினாலும் விலக்கு உண்டு. அப்போது நான்கு வார அடிப்படைப் பயிற்சி போதுமாக இருந்தது. ஆசிய விளையாட்டிலோ தங்கம் மட்டுமே செல்லும். அதனால் 2010இல் சீனாவின் குவாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஹாங் பயிற்சியளித்த அணி 1-3இலிருந்து மீண்டு ஈரானை 4-3 என வென்று வாங்கிய வெண்கலம் யாருக்கும் விலக்கு தரவில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஹாங்தான் பயிற்சியாளர். வெண்கலத்துக்கான போட்டியில் கார்டிஃபில் ஜப்பானை 2-0 என வீழ்த்தினார்கள். அந்த ஆட்டம் வரை களமிறங்காதவர் கிம் கீ-ஹீ மட்டுமே. ஆட வேண்டும் என்பது விலக்குக்கான நிபந்தனை. கடைசி நிமிடங்களில் ஹாங் அவரை இறக்கினார். முதல் கோல் அடித்த பார்க் சூ-யங், சேவையைத் தள்ளிப்போட்டதற்காக ஊரே ஏசிக்கொண்டிருந்தவர். போட்டிக்கு முன் ஹாங் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போகாவிட்டால் அவருக்குப் பதில் தானே ராணுவத்துக்குப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். தன் ஆட்களுக்கு அப்படி நிற்பவர்.

கேள்வி: அப்படியானால் 2014 உலகக் கோப்பையில் தேசிய அணிப் பயிற்சியாளராக அவர் ஏன் சறுக்கினார்?

பதில்: அதே குணம்தான் என்பது என் கணிப்பு. கிளப்பில் ஆடுபவர்களையே எடுப்பேன் என்றவர், அந்தப் பருவத்தில் அரிதாகவே ஆடிய பார்க் சூ-யங்கை எடுத்தார். லண்டன் ஒலிம்பிக் அணியின் முகங்கள் பலரும் அப்படியே பிரேசிலிலும் இருந்தார்கள். ரஷ்யாவுடன் 1-1. அல்ஜீரியாவுடன் 2-4: 26, 28, 38ஆவது நிமிடங்களில் மூன்று கோல். முதலாவது, நடுத் தடுப்பாட்டக்காரர் இருவருக்கும் இடையே விழுந்த நீளப் பந்து; ஆடிய காலத்தில் ஹாங் காவல் நின்ற அதே இடைவெளி. பத்து பேராகச் சுருங்கிய பெல்ஜியத்திடமும் 0-1. ஜூலையில் பதவி விலகினார்.

கேள்வி: பிறகு கொரிய லீக் அணியான உல்சானில் எழுந்தது எப்படி?

பதில்: நடுவில் சீனாவின் ஹாங்ஜோ அணியோடு தரமிறக்கம், பிறகு கொரியக் கால்பந்துச் சங்கத்தில் நிர்வாகப் பணி. 2020 டிசம்பரில் உல்சான் பொறுப்பு. 2019 முதல் தொடர்ந்து மூன்று முறை இரண்டாமிடம் பிடித்த அணி அது. மூன்றாவது ஹாங்கின் முதல் பருவத்தில். 2022 அக்டோபரில் ஜியோன்புக் அணியிடம் 0-1 என இருந்து, கூடுதல் நிமிடங்களில் மார்ட்டின் ஆடம் அடித்த இரண்டு கோலால் வென்றார்கள். 17 ஆண்டுக்குப் பின் பட்டம். 2023இலும் அதுவே.

கேள்வி: 2024இல் ரசிகர்கள் ஏன் அவரைக் கண்டித்தார்கள்?

பதில்: பருவத்தின் நடுவில் உல்சானை விட்டுத் தேசிய அணிப் பயிற்சியாளராகப் போனதும், அவரைத் தேர்ந்தெடுத்த விதமும். கலாசார அமைச்சகத்தின் தணிக்கை, தேர்வில் விதிமுறை மீறப்பட்டதாகச் சொன்னது. நாடாளுமன்றமும் அவரை அழைத்துக் கேட்டது. செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பாலஸ்தீனத்துடன் 0-0. சொந்த மைதானத்திலேயே கூச்சல். ஆனாலும் தகுதிச்சுற்றின் அந்தக் கட்டத்தில் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 2025 ஜூனில் பஸ்ராவில் ஈராக்கை 2-0 என வென்று 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.